பெரியப்பாவின் டிரங்குப் பெட்டிகளும் நான் செய்த இரண்டு தவறுகளும்

பெரியப்பா மறைந்து ஓராண்டுக்கும் மேலான பிறகுதான் அவருடைய அறையைத் திறந்து ஒழுங்கு செய்யும் மனநிலை எங்களுக்கு வாய்த்தது. அவருடைய மகளும் (எனக்கு அக்கா முறை) நானும் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த வேலையில் இறங்கினோம். மூன்று டிரங்குப் பெட்டிகள், கதவு சரியாக மூடாத ஒரு மர அலமாரி, பரண் நிறைய அட்டைப் பெட்டிகள் என்று அடைந்துகிடந்த அந்த அறையில் பெறுமதியுள்ள எதுவும் இருக்கும் என்று நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. பெரியப்பா எதையும் எறிய மனம் வராதவர் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். ஆகவே வைத்துக்கொள்வன, யாருக்காவது கொடுப்பன, எடைக்குப் போடுவன என்று தரையில் மூன்று இடங்களை ஒதுக்கிக்கொண்டு தொடங்கினோம். மூன்றாவது குவியல்தான் மளமளவென்று வளர்ந்தது. அதை வளர்த்தவன் பெரும்பாலும் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கே சொல்லப்போகும் இரண்டு பெரிய தவறுகளும் என்னுடையவையே.

முதல் நாள் மாலை ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் சணல் கயிற்றால் கட்டப்பட்ட பழைய தபால் உறைகள் கிடைத்தன. இருநூறுக்குக் குறையாது. பல நாட்டுத் தபால்தலைகள் ஒட்டப்பட்டிருந்தன. உறைகள் பழுப்பேறி, ஓரங்கள் அரித்து, சிலவற்றில் மை கலைந்து கிடந்ததால், தபால்தலைகளை மட்டும் கத்தரித்து ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு உறைகளைக் கூடைக்குத் தள்ளினேன். சிறு வயதில் தபால்தலை சேர்த்தவன் என்ற அனுபவத் திமிர் வேறு. மறுநாள் துணி முடிச்சு ஒன்றில் பதினொரு வெள்ளி நாணயங்கள் அகப்பட்டன. கறுத்துப்போய், எழுத்துகள் கூட மங்கலாகத்தான் தெரிந்தன. பாத்திரம் துலக்கும் பசையையும் பழைய பல் துலக்கியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதினொன்றும் புதுக் காசு போல் பளபளத்தன. அக்காகூடப் பாராட்டினார்.

நான்காம் நாள் பெரியப்பாவின் நெடுநாள் நண்பர் ஒருவர் எங்களைப் பார்க்க வந்தார். நாணயங்களும் தபால் உறைகளும் சேகரிப்பதையே வாழ்நாள் ஈடுபாடாகக் கொண்டவர். சட்டைப்பையிலிருந்து மடக்கு லென்ஸ் ஒன்றை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் வைத்து, நாணயத்தை விளிம்பில் பிடித்து விளக்கொளியில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றைப் பார்த்து முடித்ததும் அடுத்ததை எடுக்கவில்லை.

"கழுவிட்டீங்களா தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியின் தொனியிலேயே விடை இருந்தது. லென்ஸை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த பரப்பு, பத்து மடங்கு பெரிதாகப் பார்க்கும்போது ஒரே திசையில் ஓடும் நூற்றுக்கணக்கான நுண்கீறல்களாகத் தெரிந்தது. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு அது வினைபுரிவதால்தான். அந்தக் கறுப்பு மெல்லிய படலமாக மேலே படிகிறது. தேய்க்கும்போது படலம் மட்டும் போவதில்லை, அதோடு உலோகத்தின் மிக மெல்லிய ஓர் அடுக்கும், அச்சிட்டபோது பரப்பில் விழுந்த நுண்ணிய ஒளிர்வும் போய்விடுகின்றன. பல பத்தாண்டுகளாக இயல்பாகப் படிந்த நிறம் ஒரு நாணயம் தொடப்படாமல் இருந்ததற்கான சாட்சி என்றும், அதனால்தான் சேகரிப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். பதினொன்றில் இரண்டு ஓரளவு அரிதானவை. நான் அவற்றை வெள்ளியின் எடைக்குரிய மதிப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

நாணயங்களோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தகர டப்பாவைத் திறந்து பார்த்தவர், "உறைங்க எங்க?" என்று கேட்டார். எடைக்குப் போட வைத்திருந்த மூட்டைகளைப் பிரித்து, தலைகீழாகக் கொட்டித் தேடியதில் அறுபது சொச்சம் உறைகள், மூலையில் சதுரமாக ஓட்டை விழுந்த நிலையில் மீண்டன. மற்றவை முந்தின நாளே போய்விட்டிருந்தன.

ஓர் உறையில் தபால்தலை என்பது ஒரு பகுதிதான் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அதன்மேல் விழுந்த முத்திரையின் ஊரும் நாளும், வழியில் கைமாறிய இடங்களில் பின்பக்கம் குத்தப்பட்ட முத்திரைகள், போர்க்காலத்தில் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய காகிதப் பட்டை, முகவரி தவறென்று திருப்பி அனுப்பியபோது எழுதிய குறிப்பு, எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடிதம் எங்கே புறப்பட்டு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கின்றன. கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட ஒரு சாதாரணத் தபால்தலை, அரிய பாதையில் பயணம் செய்த உறையின்மேல் இருக்கும்போது முற்றிலும் வேறொரு பொருளாகிவிடுகிறது. கத்தரிக்கோலால் வெட்டினால் மீண்டும் அது கோடியில் ஒன்று. நான் வெட்டிய முத்திரைகளில் பாதி தலையோடும் பாதி உறையோடும் போயிருந்தன.

இந்த இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவை ஒரே தவறு என்று தெரிந்தது. பொருள் எது, குப்பை எது என்று நானாகவே கோடு கிழித்திருந்தேன். கறுப்பையும் பழுப்புக் காகிதத்தையும் குப்பையின் பக்கம் ஒதுக்கியிருந்தேன். பழம்பொருளின் மதிப்பைச் சொல்வது பெரும்பாலும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சில்லறைச் சங்கதிகள்தாம்: அழுக்கு, அட்டைப்பெட்டி, ரசீது, பின்பக்க எழுத்து, சுற்றியிருந்த செய்தித்தாள். நாம் முதலில் தூக்கி எறிவதும் இவற்றையே.

அன்று இரவே அக்கா புதிய விதிகளை வகுத்தார். எதையும் கழுவக் கூடாது, சேர்ந்திருப்பதைப் பிரிக்கக் கூடாது, பெட்டியிலிருந்து எடுக்கும் முன் அது இருந்த நிலையிலேயே கைப்பேசியில் ஒரு படம் எடுக்க வேண்டும், எடைக்குப் போடும் குவியல் கடைசி நாள் வரை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இவற்றில் படம் எடுக்கும் விதி எனக்கு முதலில் மிகையாகத் தோன்றியது. ஆனால் ஆறாம் நாள், ஒரு சாவி எந்தப் பெட்டிக்குள், எந்தக் கடிதக் கட்டோடு இருந்தது என்ற கேள்வி எழுந்தபோது, அந்தப் படங்கள்தான் அலமாரியின் மறைவான இழுப்பறையைத் திறக்க வைத்தன.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சிலவற்றையும் அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்தார். அவற்றில் எளியது காந்தம். தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை ஆகியவற்றைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் உள்ளே இரும்பு போன்ற வேறோர் உலோகம் இருக்கிறது என்று பொருள். இதற்கு அவர் சொன்ன எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1943-ஆம் ஆண்டு போர்த் தேவைக்காகச் செம்பை மிச்சப்படுத்த, அமெரிக்கா தன் ஒரு சென்ட் நாணயங்களைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட்டது. முந்தைய ஆண்டின் செம்புக் கலவைத் தகடுகள் சில எந்திரத்தில் தங்கிப்போய், தவறுதலாக 1943 என்ற ஆண்டு முத்திரையோடு வெளிவந்துவிட்டன. 1947-இல் பள்ளி உணவகத்தில் வாங்கிய சில்லறையில் அப்படி ஒன்றைக் கண்ட பதினாறு வயது மாணவனுக்கு, அவ்வாண்டின் சென்ட்டுகள் எல்லாமே எஃகுதான் என்று அரசுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. அவர் அதை எறியாமல் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் 2019-இல் அது 2 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுபவர்களைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். 1948-இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்குபவர்களை அது காட்டிக்கொடுக்காது. அதற்கு லென்ஸ் வேண்டும். ஒரு சோதனை பொய்யை ஒதுக்கும், உண்மையை நிறுவாது என்பதை அவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

கரண்டிகள் விஷயத்தில் இது கண்முன்னே நடந்தது. அலமாரியில் ஒரே வார்ப்பில் செய்தாற்போல் இரண்டு கறுத்த கரண்டிகள் இருந்தன. இரண்டையும் காந்தம் இழுக்கவில்லை. ஒன்றின் காம்புக்குப் பின்னே தேய்ந்த முத்திரை இருந்தது, படிக்க முடியவில்லை. சமையலறையில் இருந்த மின்னணுத் தராசில் ஒவ்வொன்றையும் எடை போட்டோம்: ஒன்று 62 கிராம், மற்றது 52 கிராம். பிறகு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசின்மேல் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கரண்டியை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையும் சுவரையும் தொடாதபடி நீருக்குள் முழுவதும் மூழ்கவிட்டோம். அப்போது தராசு காட்டும் கிராம் அளவே கரண்டி விலக்கிய நீரின் அளவு. இரண்டுக்குமே 6 காட்டியது. எடையை இந்த அளவால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். அறுபத்திரண்டை ஆறால் வகுத்தால் 10.3, ஐம்பத்திரண்டை ஆறால் வகுத்தால் 8.7. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உள்ள கலவையின் அடர்த்தி 10.3-ஐ ஒட்டி வரும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசியது 8.7 அளவில் நிற்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல் இருந்தவற்றில் ஒன்று வெள்ளி, மற்றது முலாம். உள்ளே கூடான கைப்பிடியோ, மரமோ, கல்லோ சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். முத்திரைகளில் 925, 800 போன்ற எண்கள் வெள்ளியின் பங்கையும், 750, 585, 375 போன்றவை தங்கத்தின் பங்கையும் ஆயிரத்துக்கு இத்தனை என்று குறிப்பவை. பெரியப்பாவின் பழைய ஊற்றுப் பேனாவின் முள்ளில் 585 என்று பொடி எழுத்தில் இருந்ததை, உலர்ந்த மையைத் தாண்டி அக்காதான் கண்டுபிடித்தார். வெந்நீரில் ஊறப்போடக் கிளம்பிய என்னைத் தடுத்ததும் அவரே. எபொனைட் என்னும் கடின ரப்பரால் ஆன பேனா உடல், வெந்நீர் பட்டால் கருமை போய்ப் பழுப்பு நிறமாகிவிடும்.

இனி வயலினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரணின் கடைசி மூலையில், கம்பிகள் அறுந்து, அவற்றைத் தாங்கும் பாலம் விழுந்த நிலையில் ஒரு வயலின் கிடந்தது. டார்ச் விளக்கை 'எஃப்' வடிவத் துளைக்குள் அடித்துப் பார்த்த அக்கா கத்தியே விட்டார். உள்ளே ஒட்டப்பட்டிருந்த பழுப்புக் காகிதத்தில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் பெயர் லத்தீன் வடிவில் அச்சிடப்பட்டிருந்தது. கீழே ஓர் ஆண்டும் இருந்தது. 1644 வாக்கில் பிறந்து 1737-இல் மறைந்த அந்த இத்தாலியக் கைவினைஞரின் வயலின்கள் பல கோடிகளுக்கு விற்பவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அக்கா அப்போதே வீட்டுக்கடனை அடைத்துவிட்டார். நான் டார்ச்சை வாங்கிச் சற்றே சாய்த்துப் பிடித்தபோது, லேபிளின் அடிவிளிம்பில் இன்னும் சிறிய எழுத்தில் ஒரு வரி தென்பட்டது: 'மேட் இன் ஜெர்மனி'. ஸ்ட்ராடிவாரி காலத்தில் யாரும் தம் பட்டறை இருந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்டியதில்லை. 1890-இல் அமெரிக்கா இயற்றிய சுங்கவரிச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1891-இல் அது நடைமுறைக்கு வந்த பின்னர் ஏற்றுமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பரவலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனி, பொஹீமியா பகுதிகளின் பட்டறைகள் மாணவர்களுக்காக ஏராளமான வயலின்களைச் செய்து, எந்த மாதிரியைப் பின்பற்றினவோ அந்தப் பெயரை உள்ளே ஒட்டி அனுப்பின. அந்தக் காலத்தில் அது மோசடியாகக்கூடக் கருதப்படவில்லை. ஆக, ஒட்டியிருப்பதெல்லாம் உண்மை பேசும் என்று நான் புதிதாகக் கற்ற பாடத்துக்கு ஒரு திருத்தம் உடனே கிடைத்தது: லேபிளை நம்பலாம், ஆனால் முழுவதும் படித்த பிறகு. வயலினைப் பழுது பார்த்து, கற்றுக்கொள்ளும் ஆர்வமுள்ள பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுத்தோம். நன்றாகவே ஒலிக்கிறது.

பழமை வேறு, அருமை வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான 'பென்னி பிளாக்' 1840-இல் வெளிவந்தது. அதற்கு மேல் பழமையான தபால்தலை கிடையாது. ஆயினும் ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் தலைகள் அச்சிடப்பட்டு, கணிசமானவை இன்றும் எஞ்சியிருப்பதால், சுமாரான நிலையிலுள்ள ஒன்றைச் சாதாரணச் சேகரிப்பாளர்கூட வாங்கிவிட முடிகிறது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் பிந்தி, 1856-இல் பிரிட்டிஷ் கயானாவில், இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தபால்தலைகள் வந்து சேராததால் உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகத்தில் அவசரமாக அடித்த ஒரு சென்ட் தலையில் இன்று அறியப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மூலைகள் வெட்டுப்பட்டு, முத்திரை மை அப்பி, பார்ப்பதற்கு அழகே இல்லாத காகிதத் துண்டு அது. 1873-இல் வீட்டில் கிடந்த பழைய கடிதங்களுக்கிடையே அதைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் சில ஷில்லிங்குகளுக்கு விற்றுவிட்டான். 2014-இல் அது ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சேமித்து வைக்கவென்றே தயாரிக்கப்பட்டவை, அதாவது நினைவுப் பதக்கங்கள், அலங்காரத் தட்டுகள், வெல்வெட் பெட்டியில் வந்த வெளியீடுகள், இவற்றை எல்லோரும் பத்திரமாகச் சேமித்துவிட்டார்கள். அதனாலேயே அவை யாருக்கும் தேவைப்படுவதில்லை. பெரியப்பாவிடம் அப்படி ஓர் அடுக்கு முழுவதும் இருந்தது. அவர் மிகவும் நம்பிக்கை வைத்திருந்ததும் அந்த அடுக்கின்மீதுதான் என்பது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மரச்சாமான்களைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. மேற்பரப்பு மெருகு பொய் சொல்லும், அடிப்பாகம் சொல்லாது. எங்கள் வட்ட மேசையை ஒரு திசையில் அளந்தபோது இருந்ததைவிட, மரத்தின் ரேகைக்குக் குறுக்கே அளந்தபோது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும் என்பதால் பழைய வட்ட மேசைகள் நாளடைவில் சற்றே நீள்வட்டமாகிவிடுகின்றன. இழுப்பறையின் மூலைகளில் பலகைகளைக் கோக்கும் பல் போன்ற இணைப்புகள் ஒன்றுக்கொன்று சற்று ஏறுமாறாக இருந்தால் கையால் அறுத்தவை, அச்செடுத்தாற்போல் இருந்தால் எந்திரத்தால் அறுத்தவை. திருகாணியின் தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருந்தால், 1930-களுக்குப் பிறகு பொருத்தப்பட்டது அல்லது பழுது பார்க்கப்பட்டது என்று கொள்ளலாம். எங்கள் மேசையின் ஒரு காலில் மட்டும் அத்தகைய திருகாணிகள் இருந்தன. மெருகைச் சுரண்டிப் புதிதாக வார்னிஷ் அடிக்க நினைத்திருந்தோம், கைவிட்டோம்.

படச் சட்டங்களையும் பின்பக்கம் பார்க்காமல் விடக் கூடாது. 1989-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒருவர், சட்டத்துக்காகப் பழம்பொருள் சந்தையில் நான்கு டாலருக்கு ஓர் ஓவியத்தை வாங்கினார். ஓவியத்தைக் கழற்றியபோது பின்னட்டைக்கு முன்னால் மடித்து வைத்திருந்த ஒரு காகிதம் விழுந்தது. 1776-இல் அச்சான அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் முதல் அச்சுப் பிரதிகளில் ஒன்று அது. 1991-இல் 24 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. எங்களுக்கு அப்படி எதுவும் விழவில்லை. கறையான் அரித்த அட்டைதான் விழுந்தது. ஆனால் ஒரு படத்துக்குப் பின்னால், படம் எடுத்த நாளும் அதில் நிற்பவர்களின் பெயர்களும் பென்சிலில் எழுதியிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் ஒளிப்படங்களைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினோம்.

நான் மிகுந்த நேரம் செலவிட்டது ஒளிப்படங்களில்தான். இரண்டு அட்டைப் பெட்டிகள் நிறையப் படங்களும் நெகடிவ் சுருள்களும் இருந்தன. ஒரு பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை குப்பென்று அடித்தது. அசிட்டேட் அடிப்படையில் செய்த பழைய ஃபில்ம் சிதையத் தொடங்கும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும், அதுதான் அந்த வாடை. வெளியாகும் ஆவியே பக்கத்துச் சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்துவதால், வாடை வந்தவற்றைத் தனியே பிரித்துக் காற்றோட்டமான, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். முதலில் நகலெடுக்க வேண்டியவையும் அவையே. சேர்ந்திருப்பதைப் பிரிக்கக் கூடாது என்ற எங்கள் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

2007-இல் சிகாகோவில், வாடகை செலுத்தப்படாத ஒரு சேமிப்பறையின் பொருள்கள் ஏலம் விடப்பட்டன. உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றுக்குப் படங்கள் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர் அதிலிருந்து ஒரு பெட்டி நெகடிவ்களை வாங்கினார். தேடியது கிடைக்கவில்லை என்று அவற்றை ஒதுக்கியும் வைத்திருந்தார். குழந்தைகளைப் பராமரிக்கும் பணிப்பெண்ணாக வாழ்ந்த விவியன் மேயர் தெருக்களில் எடுத்துக் குவித்த படங்கள் அவை. அவர் எடுத்தவை மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பின்னர் தெரியவந்தது. 2009-இல் மேயர் காலமானபோது அவருடைய பெயரை ஒளிப்பட உலகம் அறிந்திருக்கவில்லை. இன்று இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான தெருப் படக்கலைஞர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். எங்கள் பெட்டியில் மேயர் எவரும் இல்லை. பெரியப்பா எடுத்த படங்களில் பாதிக்கு மேல் தலைகள் வெட்டுப்பட்டிருந்தன. ஆயினும் அந்தப் படங்களில் இருந்தவர்களின் பெயர்கள் தெரியாவிட்டால் அவை வெறும் முகங்களாகிவிடும் என்பதால், எண்பதைக் கடந்த அத்தைக்குக் காணொளி அழைப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினோம். ஒரு மணி நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை அவர் அடையாளம் சொன்னார். ஒரு படத்தில் ஓரமாக நின்றவரைப் பார்த்ததும், "இதை யாருகிட்ட வேணும்னாலும் கொடு, எனக்கு வேண்டாம்" என்றார். காரணம் கேட்கவில்லை. பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுவதே நல்லது. பால்பாயின்ட் பேனா அழுத்தத்தால் முன்பக்கம் தடம் பதிக்கும், மையும் ஊறும்.

புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலானவை பூச்சி அரித்தவை. கிழிந்திருந்தாலும் மேலுறைத் தாளை எறிய வேண்டாம் என்பது மட்டுமே நான் சேர்க்க விரும்புவது. கடந்த நூற்றாண்டின் முதற்பதிப்புகளில் விலையின் பெரும்பங்கு அந்தத் தாளுக்கே போய்ச் சேர்வதுண்டு. ஒவ்வொரு நூலையும் எடைக்குப் போடும் முன் முதுகைப் பிடித்து மெல்ல உதறினோம். ரசீதுகள், ஒரு கடிதம், காய்ந்த இலை, வங்கிப் படிவம் ஆகியவை விழுந்தன. அந்த ரசீதுகளில் ஒன்று பாக்கெட் கடிகாரத்துக்குரியது. கடிகாரத்தின் பின்மூடிக்குள் பழுது பார்த்தவர்கள் ஊசி முனையால் கீறிய குறிகளும் இருந்தன. ரசீதிலிருந்த ஆண்டும் அவற்றுள் ஒன்றும் ஒத்துப்போயின. எப்போது வாங்கப்பட்டது, எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற முழு வரலாறும் கைக்கு வந்துவிட்டது. இன்னொரு கைக்கடிகாரத்தின் எண்களில் பச்சை கலந்த பழுப்புப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இருட்டில் ஒளிரப் பூசிய ரேடியம் அது என்று ஊகித்து, திறக்காமல் மூடிய உறையில் வைத்தோம். ஒளிரும் தன்மை சில பத்தாண்டுகளில் போய்விடும், கதிரியக்கம் போகாது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதேபோல ஆமை ஓட்டுச் சீப்பு ஒன்றும் கிடைத்தது. தந்தம், ஆமை ஓடு போன்றவை எவ்வளவு பழையவையாக இருந்தாலும், 1975-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்பாட்டின்படி அவற்றை நாடுவிட்டு நாடு விற்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு என்பதால் அதைச் சந்தைப் பேச்சிலேயே சேர்க்கவில்லை.

விலை அறிவதில் நாங்கள் கடைப்பிடித்த முறை இதுதான். இணையத்தில் விற்பனைக்கு வைத்திருப்பவர் கேட்கும் விலையை நாங்கள் பொருட்படுத்தவில்லை; அதே பொருள், அதே நிலையில், உண்மையில் விற்று முடிந்த விலைகளையே தேடினோம். இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடுகூட இருந்தது. வாங்கப்போகிறவரே மதிப்பிடுவதாக இருந்தால் அந்த மதிப்பீட்டை மட்டும் நம்பி முடிவு செய்யவில்லை. ஏலத்தில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் பிடிக்கப்படுவதால், செய்தியில் வரும் தொகை விற்பவரின் கைக்கு வரும் தொகை அல்ல. ஒருவர் அவசரப்படுத்தி, "மொத்தமா எடுத்துக்கிறேன், இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றபோது, அக்கா புன்னகையோடு அவருக்கு விடை கொடுத்து அனுப்பினார். அவர் கண் வெள்ளிக் கரண்டியில் இல்லை, உறைக் கட்டில் இருந்ததை அக்கா கவனித்திருந்தார்.

குடும்பத்துக்குள் பேசி முடிப்பது இதைவிடக் கடினம். 2013-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பழைய வீடு ஒன்றைச் சீரமைத்த ஒருவர், சுவருக்குள் அடைப்பாகத் திணிக்கப்பட்டிருந்த செய்தித்தாள்களுக்கிடையே 1938-ஆம் ஆண்டின் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழைக் கண்டெடுத்தார். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ். உறவினர்களுக்கிடையே எழுந்த இழுபறியில் பின்னட்டை கிழிந்துபோனது. 1 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விற்றதென்றாலும், அந்த ஒரு கிழிசலால் இழந்தது பெருந்தொகை. இந்தச் செய்தியை அக்காவுக்குச் சொன்ன பிறகு, பங்கு பிரிக்கும் நாளன்று எந்தப் பொருளையும் கையில் எடுத்துப் பேசக் கூடாது என்ற விதியையும் அவர் சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் எண் ஒட்டி, படத்தோடு பட்டியல் தயாரித்து, யாருக்கு எது வேண்டும் என்று தனித்தனியே எழுதித் தரச் சொன்னோம். எண்களைப் பொருளின்மேல் ஒட்டவில்லை, நூலில் கட்டினோம். பசைக்கறை பற்றி அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், இருவர் ஒரே பொருளைக் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் வெள்ளிக் கரண்டிக்காக அல்ல, முலாம் பூசிய கரண்டிக்காக. பெரியப்பா அதில்தான் தங்களுக்கு மருந்து ஊற்றுவார் என்று என் தம்பியும் அக்காவின் மகனும் சாதித்தார்கள்; எந்தக் கரண்டி எது என்பதற்குக் காம்பிலிருந்த பல் தடத்தை இருவருமே சான்று காட்டினார்கள். அந்தத் தடத்தை நான் பத்து நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் நசுங்கல் என்று நினைத்திருந்தேன்.

மீட்ட அறுபது உறைகளுக்கும் அவற்றுக்குரிய தபால்தலைகளைத் தேடிப் பொருத்தும் வேலை இன்னும் முடியவில்லை. முத்திரையின் வளைவு எங்கே முறிந்திருக்கிறது என்று பார்த்து, வெட்டுவாயோடு வெட்டுவாய் சேர்த்து, பசையில்லாமல் ஒளிபுகும் உறைகளில் வைக்கிறேன். இதுவரை இருபத்தேழு சேர்ந்திருக்கின்றன. சேர்த்தாலும் பழைய மதிப்பு திரும்பாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். கழுவிய நாணயங்களை யாரும் கேட்கவில்லை, ஆகவே பதினொன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சென்ற வாரம் திறந்து பார்த்தபோது, விளிம்பையொட்டி வெளிர் மஞ்சளாக ஒரு கோடு ஓடத் தொடங்கியிருந்தது.